பசை காயும் வரை

எனக்கு வைஸ் பிடிக்கும்.
வைஸுக்கு எதைக் கொடுத்தாலும் பிடிக்கும்.
எங்களுக்குள் வேறு ஒற்றுமை கிடையாது.

ஈரி நகரத்தில், ஏரிக்காற்று நேராக வந்து மோதுகிற
என் கார்க் கொட்டகையில் முப்பத்தெட்டு இருக்கின்றன.
பள்ளி விளையாட்டரங்கை இடித்தபோது
அடிமாட்டு விலைக்கு வாங்கிய மேப்பிள் பலகைகள், மூன்று வரிசை.
நடுவரிசை தொய்கிறது.
"இன்னும் ஒண்ணு வந்தா, நானா அதுவா" என்று
முப்பத்தொன்றாவதிலிருந்து சொல்லிவருகிறான் டாரில்.

சலவைச் சோடா கரைத்த தொட்டி,
பேட்டரி சார்ஜர், பலியாக ஒரு பழைய ரம்பத்தகடு.
ஓர் இரவு.
காலையில் தண்ணீர் கடுந்தேநீராகி நுரைத்திருக்கும்.
கம்பித் தூரிகையால் தேய்த்தால் சிவப்பு,
சிவப்புக்கு அடியில் சாம்பல்,
அதற்கும் அடியில் பெயரில்லாத ஒரு பச்சை.
நான் புதுப் பெயிண்ட் அடிப்பதில்லை.
ஆளி விதை எண்ணெய், கந்தல் துணி, போதும்.
முதுகில் எவனோ சுத்தியலால் போட்ட பள்ளங்களையும்
தாடையில் ரம்பம் தவறிய கீறலையும்
அப்படியே விட்டுவிடுவேன்.
அடுத்தவர் கடிதத்தில் பிழை திருத்த
நான் யார்?

ஒரே ஒரு விதிதான்:
எதையும் இறுக மூடி வைக்கக் கூடாது.
ஒரு தாள் நுழையும் இடைவெளி,
கைப்பிடி தரையைப் பார்த்து.

மார்ச்சில் ஒரு துண்டு விளம்பரம்:
*வைஸ் ஒன்று. கனம். நீங்களே தூக்க வேண்டும்.*

இரேனா வொய்தலேவிச் நிலவறை விளக்கைப் போட்டாள்.
கணவர் காஸிமிர் ரயில் எஞ்சின் ஆலையில்
வார்ப்புக்கு மர அச்சு செதுக்கியவர்.
வைஸ் அழகுதான். அறுபத்தெட்டு பவுண்டு இருக்கும்.
ஆனால் அதன் வாயில்
ஒரு சாப்பாட்டு நாற்காலியின் பின்னங்கால்,
முறிந்த இரண்டு துண்டும் சேர்ந்து.

"வியாழக்கிழமை மாட்டினார். தொடாதேன்னார்.
சனிக்கிழமை போயிட்டார்.
பன்னிரண்டு வருஷம்.
நாற்பது டாலர் கொடுங்க.
ஆனா நீங்கதான் திறக்கணும்."

மேலே, சுவரில் சாய்ந்து
மூன்று காலோடு நின்றது நாற்காலி.
பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தேன்.
அதன் மேல் ஒரு கோட்டு கிடந்தது.

மரைக்கு எண்ணெய் விட்டேன்.
ஊற வேண்டும், காத்திருந்தோம்.
கசகசா ரொட்டி கொடுத்தாள். மறுபடி எண்ணெய்.
உடும்புப் பிடி.
மூன்றாவது முயற்சியில் கைப்பிடி அசைந்தது,
தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன்
சட்டென வாயைத் திறந்த மாதிரி.

கால்
என் இரு கைகளிலும் இரு துண்டாக வந்தது.

முறிந்த முகங்கள் முறிந்த அன்று போலவே வெளுப்பு.
மஞ்சள் கறை இல்லை. பிசுக்கு இல்லை.
தலைக்கு மேல் தட்டில் பசைப் புட்டி,
மூடியின் முத்திரை கிழிபடாமல்.

எனக்குப் புரிந்துவிட்டது.
நல்ல தச்சன் முதலில் பசையில்லாமல்தான் பொருத்திப் பார்ப்பான்,
வாயும் வாயும் சேர்கிறதா என்று.
சொல்லலாமா வேண்டாமா என்று நின்றேன்.
கையில் இரண்டு துண்டை வைத்துக்கொண்டு
எவ்வளவு நேரம் நிற்பது?

"பசை போடவே இல்லை, இரேனா.
அளவு பார்த்திருக்கார்."

அவள் துண்டுகளைப் பார்த்தாள்.
புட்டியைப் பார்த்தாள்.
பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டாள்.
அழுகிறாள் என்றே நினைத்தேன்.
"அந்த மனுஷன்!" என்று கண்ணைத் துடைத்தாள்,
சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க.
"பசை காயுதுன்னு
இந்த மூலையில துடைப்பம்கூடப் போடலையே நான்!"

புட்டிக்குள் பசை கல்லாகியிருந்தது.
அறுபத்தெட்டு பவுண்டையும் படியேற்றினேன்,
ஒவ்வொரு படியிலும் நின்று.
கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவள்
வண்டி கிளம்பும்போது ஓடிவந்து
ஜன்னல் வழியாக இரண்டு துண்டையும் நீட்டினாள்.

இன்றிரவு டாரில் டார்ச்சோடு வந்து
அலமாரியை எண்ணிப் பார்த்தான்.
முப்பத்தெட்டே.

அவனுக்குப் பின்னால், பெஞ்சின் மேல்,
துரு போகாத, துடைக்காத ஒன்று
ஒரு நாற்காலிக் காலை
இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
ஓரத்தில் பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்தேன்.

நாளை சாயங்காலம் வரை
யாரும் தொடக் கூடாது.