நூற்றெண்பத்திரண்டு கிராம்

ஆரல்வாய்மொழிச் சூளையிலிருந்து
ஸ்டெல்லஸ் பைக்கில் கட்டிக்கொண்டுவந்த கல்.
சூளைக்காரர் கேட்டது ஒன்றுதான்:
'என் சுவர் எவ்வளவு தீயைத் தின்குது?'

கோணத்து ஆய்வகத்தில்
கல்லைத் துளைத்து மூன்று தெர்மோகப்பிள் செருகினோம்.
சுடும் முகத்திலிருந்து
ஐந்து, பதினைந்து, முப்பது மில்லிமீட்டரில்.

நேர்க்கணக்கு எளிது.
பொருள் இன்னது, தீ இவ்வளவு என்றால்
உள்ளே எப்போது எவ்வளவு சூடு என்று சொல்லிவிடலாம்.
என் கையில் இருப்பது மறுமுனை.
சூடு வந்து சேர்ந்த நேரம் தெரியும்,
எப்படிப்பட்ட கல் வழியாக வந்தது என்று தெரியாது.
சாம்பலைக் கிளறி
விறகின் பெயர் சொல்கிற வேலை.

ஒரு எண்ணை ஊகிக்கிறேன்.
கணினி ஒரு வளைகோடு போடுகிறது.
கம்பிகள் போட்டது வேறு.
திருத்து. மறுபடி ஓட்டு. திருத்து.
பதினேழாம் சுற்றில் கடத்துத்திறன் எதிர்மறை.
குளிரிலிருந்து சூட்டுக்கு
வெப்பம் ஏறிப்போகிற சுவர்!
அப்படியொரு வீட்டை யாரும் கட்டியதில்லை.

கோட்டைத் தடவித் தடவி மழுப்பினேன்.
வழவழப்பான பொய் ஒன்று கிடைத்தது,
இரண்டு நாள் அதை நம்பினேன்.

மூன்றாம் நாள், வெட்டி எறிந்த தரவைத் தோண்டியபோது
அந்தத் திட்டு.
நூறு டிகிரியை ஒட்டி
முதல் கம்பி நாற்பது நிமிடம்
அசையாமல் நிற்கிறது.
கம்பிக் கோளாறு என்று
நானேதான் வெட்டியிருந்தேன்.

'ஸ்டெல்லஸ், அன்னைக்கு மழையா?'
'தோவாளை தாண்டுன உடனே பிடிச்சிற்றுல்லா மேடம்.
எனக்கு ஜெர்க்கின் இருந்து.
கல்லுக்கு என்னத்தப் போட?'

இடவப்பாதி.
சூடு எங்கும் தொலையவில்லை,
மழையை ஆவியாக்கிக்கொண்டிருந்தது.
என் சமன்பாட்டில் தண்ணீர் என்றொரு உறுப்பே இல்லை.

சேர்த்தேன்.
ஒன்பதாம் சுற்றில் எண் வந்து உட்கார்ந்தது:
புள்ளி ஏழு ஒன்று.
இன்னும் அரை டிகிரி பொருந்தவில்லை.
கம்பிகளின் நடுக்கமே அரை டிகிரி.
அதற்குமேல் திருத்தினால்
நடுக்கத்தைத்தான் கற்றுக்கொள்வேன், கல்லை அல்ல.
நிறுத்தினேன்.

ஸ்டெல்லஸ் கல்லைத் தராசில் வைத்தான்,
பதிவேட்டைப் புரட்டினான்.
வந்த அன்றே எடை எழுதியிருக்கிறான்,
நான் திறக்காத பக்கத்தில், பென்சிலில்.
கழித்துப் பார்த்தோம்.
நூற்றெண்பத்திரண்டு கிராம்
தோவாளை மழை.