மஞ்சள் விளக்கு

மணிமேடைக்குப் பின்னால், லாட்ஜ் மாடியில்,
கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவுக்கு என் கடை.
ஒரு மேசை, ஒரு லென்ஸ், இரண்டு விளக்கு.
வாங்குவதற்கு மஞ்சள்,
விற்பதற்கு வெள்ளை.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தாணுலிங்கம் கொண்டுவந்தது
நாற்பத்தேழாம் வருஷத்து அரை ரூபாய்.
ராணித்தோட்டம் டெப்போவில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டர்.
தோவாளையில் ஏறிய பூக்காரி ஒருத்தி
கூடைக்கு லக்கேஜ் என்று எட்டணாவாகத் தந்தாளாம்.
பைக்குள் விழுந்த சத்தமே வேறயா இருந்தது வே, என்றார்.
தன் காசை வைத்துக் கணக்கு நேராக்கிவிட்டு
இதை எடுத்துக்கொண்டாராம்.

காந்தத்தை நீட்டினேன், துள்ளி ஒட்டியது.
நிக்கல்தான், சந்தேகமில்லை.
ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் புலி.
ராஜாவுக்கு முதலில் தேய்வது புருவம்,
பிறகு காதோரத்து முடி.
புலிக்குத் தோள்.
அங்கே வரிகள் கலங்கிப்போயிருந்தால் 'ஃபைன்'.
எண்ண முடிந்தால் 'வெரி ஃபைன்'.
வரிக்கும் வரிக்கும் நடுவில்
அச்சு விட்ட நாளின் பளபளப்பு
காசைத் திருப்பத் திருப்பக் கூடவே சுற்றி வந்தால்
அதற்குப் பெயரும் வேறு, விலையும் வேறு.

மஞ்சள் வெளிச்சத்தில் சுற்றி வரவில்லை.
ஃபைன், என்றேன்.
தோள்ல வரி இல்லியே, பாருங்க.
அவர் லென்ஸைக் கேட்கவில்லை.
நூற்றைம்பது ரூபாயை விரல் எச்சில் படாமல் எண்ணி
மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
படி இறங்கினார்.

அன்று ராத்திரி வெள்ளை விளக்கின் கீழே
அதே புலிக்குப் பதினோரு வரி.
அட்டை உறையில் பென்சிலால் எழுதினேன்:
எக்ஸ்ட்ரா ஃபைன்.
கோழிக்கோட்டுக்காரர் ஆயிரத்து இருநூறு அனுப்பிவிட்டார்.
வெள்ளிக்கிழமை கூரியரில் போடவேண்டும்.

வியாழக்கிழமை தாணுலிங்கம் மறுபடி வந்தார்,
பழைய பித்தளைப் பொத்தான்கள் விலைபோகுமா என்று கேட்க.
உறை மேசைமேல் கிடந்தது.
கண்டக்டர் கண்; தலைகீழாகவும் வாசிக்கும்.
கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே கோர்ட்டு ரோட்டில் யாரோ
ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, கோபமே இல்லாமல்:
'எபனேசரு, வடசேரியிலிருந்து தக்கலைக்கும்
தக்கலையிலிருந்து வடசேரிக்கும்
நான் ஒரே டிக்கெட்டுதான் கிழிச்சேன், பாத்துக்கிடுங்க.'

டிராயரைத் திறந்தேன்.
எவ்வளவு கொடுப்பது என்று எனக்கே தெரியவில்லை.
பாதியா, முழு மிச்சமுமா, அல்லது
லாட்ஜ் வாடகை, கூரியர், என் கண்ணுக்கான கூலி
எல்லாம் கழித்தா?
நான் எண்ணும்போது அவர் லென்ஸை எடுத்தார்.
அந்த லென்ஸில் கண் வைத்த முதல் வெளியாள்.
வெள்ளை விளக்கை அவரே போட்டார்.

'இது தெரியுதா? ராஜா கன்னத்தில,
முடி மாதிரி, குறுக்கும் நெடுக்கும்?
நான் போட்டது.
மழையில வண்டி சுங்கான்கடையில நின்னுபோச்சு, ரெண்டு மணிநேரம்.
திருநீறு வச்சு, காக்கித் துணியில
தேய் தேய்னு தேச்சேன்.
அதுக்கப்புறம்தான் இந்த மினுக்கம்.'

பார்த்தேன்.
முப்பது தடவை பார்த்த கன்னம்.
மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரு கையின் போக்கில்.
கழுவித் தேய்த்த காசு.
அதற்கு ஃபைன் இல்லை, எக்ஸ்ட்ரா இல்லை,
எங்கள் தொழிலில் அதை ஒரே சொல்லில் சொல்லி
தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவோம்.
நான் கொடுத்த நூற்றைம்பதே அதிகம்.

அவர் பணம் வாங்கிக்கொள்ளவில்லை.
பித்தளைப் பொத்தான்களை மட்டும் மடித்துக்கொண்டு,
'தேய்ச்சது தப்பா?' என்று கேட்டார்.
'அழகாத்தானே இருக்கு.'

நாளைக்கு வெள்ளி.
கோழிக்கோட்டுக்காரருக்கு வயசாகிவிட்டது,
அவரிடமும் மஞ்சள் விளக்குதான் இருக்கும்.
அழிப்பானை எடுத்து உறைமேல் வைத்திருக்கிறேன்.
புலி நடக்கிறது.
பதினோரு வரி. இப்போது எண்ணினால் பத்து.