எட்டுக்கு ஒரு மிஸ்கோல்

பெரியாஸ்பத்திரி கிளினிக் வாங்கிலதான்
பற்றிமாகரனைப் பழக்கம்.
எனக்கு அண்ணாவின்ர கிட்னி,
அவனுக்கு மனுசியின்ர.
"உள்ளுக்க வந்தும் என்னைத்தான் ஏசுறாள்"
எண்டு சிரிப்பான்.

குளிசைக்கு நேரம் தவறக் கூடாது.
இரவு எட்டுக்குக்
குருநகரில இருந்து ஒரு மிஸ்கோல்,
திருப்பி இங்கால ஒண்டு.
காசில்லை, கதையில்லை,
விழுங்கியாச்சு எண்டு அர்த்தம்.

மாசியில அவன்ர கிரியாற்றினின் ஏறினது,
இறங்கேல்லை.
பழையபடி மெசின், கிழமைக்கு மூண்டு நாள்.
குளிசையையும் நிப்பாட்டிப் போட்டினம்.
எனக்கு ஒழுங்கா மூத்திரம் போகுது எண்டு
அவனிட்ட எப்பிடிச் சொல்லுறது?
எடுக்கேல்லை நான்.

இண்டைக்குக் கரண்ட் இல்லை.
நுளம்புக்கு விசிறிக்கொண்டு
நேரம் மறந்துபோனன்.
இருட்டுக்குள்ள மேசையில போன்
ஒருக்கா மின்னி அணைஞ்சுது.

குருநகர்.

தடவித் தடவித் தண்ணிப் போத்தலை எடுத்தன்.
விழுங்கிப்போட்டு
நானும் ஒண்டு குடுத்தன்.