ஈரக்குமிழ், உலர்குமிழ்

வாட்டுமாடியில் தொங்கிய இரட்டைக் குழாய்க்கு
எங்கள் இஸ்டோரில் அதுதான் பெயர்.
ஒன்றின் காலில் ஈரத்துணி, மற்றது வெறுங்கால்.
இரண்டுக்கும் எத்தனை கோடு வித்தியாசமென்று பார்த்து
கொழுந்து எப்போது வாடும் என்பார்
டீமேக்கர் அலுவிகார.

மே மாதக் காற்றில் ஜன்னல் அறைந்து
அது விழுந்தது.
"கூட்டிப் போடு, சந்திரமோகன்."
கூட்டினேன்.
விளக்குமாறு பட்டதும் ஒன்று ஏழாகி
ஏழு எண்ணிக்கை தப்பி
பலகை இடுக்குக்குள் ஓடியது.
அகப்பட்டதை இருமல் மருந்துப் போத்தலில் பிடித்தேன்.
ஒரு மிடறுகூட இல்லை,
சட்டைப் பையைக் கீழே இழுத்தது.

"என்னப்பா இது?"
"பாதரசம்."
"ரசமா? சோத்துல ஊத்தலாமா?"
சிரித்தோம்.
லோஜினிக்கு ஏழு வயது.

தட்டில் ஓடவிட்டாள், துரத்தினாள்.
ஐந்து ரூபாய்க் குத்தியில் தேய்த்து
வெள்ளிக்காசு என்று எனக்கே விற்றாள்.
பாதி பாய்க்கடியில் போனது,
பாதி அடுப்படி மண்ணில்.

எங்கள் காம்பராவுக்கு ஒரே ஜன்னல்.
குளிருக்கு அதையும் சாக்கால் அடைத்திருந்தோம்.
விறகுப் புகைக்கு இருமலாம்,
மிளகாய் நெடிக்குத் தும்மலாம்.
அடுப்பின் சூட்டில் எழுந்து
எங்களோடு படுத்துக்கொண்டதற்கு
வாசனையே இல்லை.

முதலில் சொன்னது தங்கம்.
புஷ்பகாந்தியின் தோடு ஓரத்தில் வெளுத்தது.
அட்டன் அடகுக் கடைக்காரன் விளக்கில் பிடித்து,
"வெள்ளிக்கு முலாமா, தங்கச்சி?" என்றான்.
தட்டானைத் திட்டிக்கொண்டே
பஸ் ஏறினோம்.

பிறகு பிள்ளை.
உள்ளங்கை வெந்ததுபோல் சிவந்து
தோல் உரிந்தது.
பனி விழும் இரவில் வேர்த்தாள்.
தொட்டால் அழுதாள், தொடாவிட்டாலும்.
கொப்பியில் 'ழ' நடுங்கியது.
கவனமில்லை என்று டீச்சர் சிவப்பால் எழுதினார்.
பயந்திருக்கிறாள் என்று கோயிலில் கயிறு கட்டினார்கள்.
சொறி என்று டிஸ்பென்சரியில் களிம்பு.

கண்டி ஆஸ்பத்திரியில்தான் ஒரு டொக்டரம்மா,
தமிழைத் தேடித் தேடிக் கேட்டார்:
"வீட்டுல காய்ச்சல் பாக்கிற கம்பி உடைஞ்சதா?
அம்மா முகத்துக்கு வெள்ளையாகிற கிறீம் பூசுறதா?
பேர் இல்லாத டப்பா?"
புஷ்பகாந்தி இல்லை என்றாள்.
நானும் இல்லை என்றேன்.
போத்தல் என்ற சொல் என் வாயில் வர
மறுநாள் மத்தியானம் ஆனது.

முகமூடி போட்டு வந்தார்கள்.
பாயைச் சுருட்டி, அடுப்படி மண்ணைக் கிண்டி
பையில் கட்டிக்கொண்டு போனார்கள்.
விளக்குமாற்றையும்.
"கூட்டவே கூடாது" என்றான் ஒரு பையன்.
"கூட்டினா அது கூடும்."

ஒரு கிழமை கழித்து ஆபீஸ் கடிதம்.
கணக்கப்பிள்ளை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்:
இஸ்டோருக்குச் சொந்தமான பாதரசம்,
அளவு தெரியாது,
அனுமதியின்றி எடுத்துச் சென்றமைக்காக.
கொழுந்துப் பையின் ஈரத்துக்கும்
கிலோ கழிக்கத் தெரிந்தவர்களுக்கு
இதன் அளவு தெரியாதாம்.

லோஜினி இப்போது தூங்குகிறாள்.
'ழ'வின் வால் மட்டும்
இன்னும் கொஞ்சம் ஆடுகிறது.
சாக்கை அவிழ்த்துவிட்டோம்;
குளிர் வரட்டும், கண்ணுக்குத் தெரிகிற பனிதானே.

மாடியில் இப்போது பற்றரிப் பெட்டி தொங்குகிறது,
சிவப்பு எழுத்தில் சூடு காட்டும்.
வெயிலேறித் தகரம் கொதிக்கும் பகலில்
பலகை இடுக்கில் ஏதோ மினுங்கும்.
தண்ணீராக இருக்கலாம்.
அதன்மேல் குனிந்து
வெறுங்கையால் கொழுந்து பரப்புகிறாள்
நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்.
"தங்கச்சி," என்கிறேன்,
"தோட்டைக் கழற்றிப் பார்."