ஈடு

பிஸ்மார்க் நகரில் எங்கள் மாநிலக் கலை மன்றம்
வங்கிக்கு மேலே, இரண்டாம் மாடி.
மூன்றரைப் பேர் வேலை பார்க்கிறோம்.
அந்த அரை, டார்லின்;
செவ்வாயும் வியாழனும் வருவாள்.

வாஷிங்டனிலிருந்து வருவதைத்
தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால்
அரைக் கோப்பைக் காப்பி.
சூடான அரை என்று நான் சொல்லிக்கொள்வேன்.

நாங்கள் ஒரு டாலர் வைத்தால்
ஊரும் ஒரு டாலர் வைக்க வேண்டும், ஈடாக.
பணமில்லாத ஊர் உழைப்பை வைக்கலாம்.
கையெழுத்து வேண்டும், மணிக்கணக்கு வேண்டும்,
மூன்று பிரதி வேண்டும்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

டன்செத் ஊரிலிருந்து வந்தது ஒரு விண்ணப்பம்.
மக்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஃபார்கோவிலிருந்து நான்கு தந்தி வாத்தியக்காரர்கள்,
ஒரு பியானோக்காரி,
பள்ளி விளையாட்டுக் கூடத்தில் இரண்டு இரவு.
கேட்டது நாலாயிரத்து இருநூறு.

ஈடு என்ற கட்டத்தில்
கோரின் வெட்டர்லண்ட் பென்சிலால் எழுதியிருந்தாள்:
ஏணி, லூத்தரன் தேவாலயத்துடையது, இரண்டு நாள் வாடகை.
பனி அள்ளியது, ட்வேன், பதினோரு மணி நேரம்.
பியானோவை மேடையேற்றியது, ஆறு பேர்.
(ஏழாவது ஆள் யோசனை மட்டும் சொன்னார்,
அவரைச் சேர்க்கவில்லை.)
ருபார்ப் கேக், பதினாலு.

கேக்கை அடித்தேன்.
உணவு செல்லாது, பக்கம் முப்பத்தொன்று.
தொலைபேசியில் கேட்டாள்:
வெறும் வயிற்றிலா வாசிப்பார்கள்?
விதி, என்றேன்.
கையேட்டு விதியைத்தான் சொன்னேன்.
அவள் எதை எடுத்துக்கொண்டாளோ,
கொஞ்ச நேரம் பேசவில்லை.

குழு போட்ட மதிப்பெண் எண்பத்தொன்று.
கோடு எண்பதில்.

மார்ச்சில் போய்ப் பார்த்தேன்.
மைலுக்கு இத்தனை சென்ட் என்று
எனக்கும் ஒரு படிவம்.
கூடத்தின் ஸ்கோர் பலகையை
யாருக்கும் அணைக்கத் தெரியவில்லை.
உள்ளூர் பூஜ்யம், விருந்தினர் பூஜ்யம்,
சிவப்பாக, இரவு முழுக்க.
அதன் கீழே செல்லோ மட்டும் தனியாகப் போன இடத்தில்
முன்வரிசைப் பையன் ஒருவன்
வாயிலிருந்த சூயிங் கம்மை
மெல்லுவதை நிறுத்தினான்.
அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை,
இரவு பத்தரைக்கு வந்தது அந்த மின்னஞ்சல்.
இரண்டு பத்தி.
முதல் பத்தி நன்றி.
திங்களன்று டார்லினுக்கு நான்தான் சொன்னேன்.
அவள் தன் கள்ளிச்செடியை
மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

மே மாதம் டன்செத்தின் இறுதி அறிக்கை,
கெடுவுக்கு நாலு நாள் முன்னதாகவே.
பயனடைந்தோர் எண்ணிக்கை: நாற்பத்தொன்று.
ஓரத்தில் பென்சிலால்:
பனி தள்ளும் லாரியை வாசலில் நிறுத்தி
எஞ்சினை அணைத்துவிட்டு
உள்ளேயே உட்கார்ந்து கேட்டான் ஒருவன்.
சேர்க்கலாமா?

கூடவே ஒரு காசோலை.
செலவாகாத மிச்சம்,
முப்பத்தேழு டாலர் பதினெட்டு சென்ட்.

கணக்கு எண்ணை அடித்தேன்.
அப்படி ஒரு கணக்கு இல்லை என்றது திரை.
மறுபடி அடித்தேன்.
வாஷிங்டன் எண்ணில் ஒரு குரல்
எல்லா அழைப்புகளும் முக்கியம் என்றது.

கோரினைக் கூப்பிட்டேன்:
நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
அது எங்கள் பணம் இல்லையே, என்றாள்.
எங்களுடையதும் இல்லை இப்போது.
பின்னே யாருடையது?
அவள் சமையலறையில் எதுவோ கொதித்து வழிந்தது.
இருங்கள், என்று போனவள்
திரும்பி வந்தபோது வேறு பேசினோம்,
ட்வேனின் முதுகு, கோதுமை விலை.

காசோலை ஸ்டேப்ளருக்கு அடியில் இருக்கிறது.
தொண்ணூறு நாளில் செல்லாது என்று
அதிலேயே அச்சடித்திருக்கிறது.
இன்று அறுபத்து மூன்று.

லாரிக்காரனைச் சேர்த்துவிட்டேன்.
நாற்பத்திரண்டு.