கதவில்லாத ஒன்பது நிறுத்தங்கள்

தாலின் நகரில் டிராம் ஓட்டுகிறேன்.
எந்தக் காபிக் கடையில் கேள்வி கேட்காமல்
கழிப்பறைச் சாவி தருவார்கள்,
எந்தப் பூக்கடைக்காரி முகம் சுளித்துக்கொண்டே தருவாள்,
எல்லாம் என் வயிற்றுக்கு மனப்பாடம்.
நடுவில் ஒன்பது நிறுத்தங்கள்.
தட்டுவதற்கு ஒரு கதவு கிடையாது.
அந்த வளைவில் வண்டி திரும்பும்போதே
வயிற்றில் புளி கரையத் தொடங்கும்.

இரத்தம் எடுத்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
புண் இல்லை, கட்டி இல்லை என்றார்கள்.
நல்ல செய்திதான்.
வீடு வரும்வரை அந்த நல்ல செய்தியும் வலித்தது.
பிறகு ஒரு சீட்டு: ஹிப்னோதெரபி,
மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.

அந்தச் சொல்லை எனக்கு முன்பே தெரியும்.
பதினொரு வயதில், தொலைக்காட்சியில் ஒருவர்
கண் கொட்டாமல் ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அம்மா பெட்டியின் முன் தண்ணீர் ஜாடி வைத்தாள்.
அவர் பார்த்த தண்ணீரை எல்லோரும் குடித்தோம்.
என் மருவும் போகவில்லை,
அப்பாவின் குடியும் போகவில்லை.

"கோழி மாதிரி கொக்கரிக்கச் சொல்வாங்க, பாரேன்"
என்றான் ரைவோ, என் கணவன்.
சிரித்தேன்.
கோழிக்கு நான் பயப்படவில்லை. என் வாய்க்குத்தான்.

ஒரு பிப்ரவரி மாலை
பக்கக் கண்ணாடியில் ஒருவர் ஓடிவந்தார்.
கையில் கேக் பெட்டி.
இரண்டு நிமிடம் தாமதமாகியிருந்தது,
வேறொன்றுமில்லை. கதவை மூடினேன்.
அவர் வழுக்கி விழுந்ததையும் பார்த்தேன்.

மருத்துவர் ஹெல்யே கூசிக் எதையும் ஆட்டிக் காட்டவில்லை.
சுவர்க் கடிகாரம்கூட நின்றுபோயிருந்தது.
பேட்டரி வாங்க மறந்துவிட்டாராம்.
"எழுந்திருக்க முடியாமல் போய்விட்டால்?"
"தூங்கினால் குறட்டை வரும். அடுத்தவர் காத்திருப்பார்,
நானே எழுப்பிவிடுவேன்."
"இது என்று தொடங்கியது என உள்ளே போய்த் தேடுங்களேன்?"
அதற்கு மட்டும் அவர் குரல் மாறியது.
"தேட மாட்டேன்.
அந்த நிலையில் கிடைப்பதெல்லாம் நடந்தவை அல்ல.
சிலதை மனம் அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுக்கும்."

"ஓர் ஆறு..." என்று ஆரம்பித்தார்.
எனக்கு ஆறு பிடிக்காது என்றேன்.
"சரி, என்ன பிடிக்கும்?"
பனியில் இறங்கி, இரும்புக் கம்பியால்
தண்டவாளத்தின் நாக்கைத் தள்ளுவது பிடிக்கும்.
டக்.
அவ்வளவு பெரிய வண்டி, வேறு வழி போகும்.

கண்ணை மூடினேன்.
கீழே கடைக் கதவின் மணி கேட்டது.
ஜன்னலில் புறா கேட்டது.
என் கை கனத்து, வெயிலில் கிடந்த கல்லாய்
வயிற்றின் மேல் இருந்தது.
நடுவில் மூக்கு அரித்தது, சொறிந்துகொண்டேன்.
யாரும் என்னை எங்கும் எடுத்துப் போகவில்லை.
உள்ளே எங்கோ, வெகு தாழ்வில்,
டக்.

ஏழு அமர்வுகள்.
வீட்டில் அவர் குரலின் ஒலிப்பதிவு, துணி மடிக்கும் முன்.
குணமாகிவிட்டதா என்றால்,
பத்தில் ஏழு நாள் நல்ல நாள்.
பூண்டு இன்னும் ஆகாது.
மற்ற மூன்று நாள் பூக்கடைக்காரியின் முகம்தான்.
ஆனால் கதவில்லாத அந்த ஒன்பதில்
ஐந்தாவது நிறுத்தத்தில் ஒரு லிண்டன் மரம் நிற்கிறது.
பதினாறு வருடம் ஓட்டிவிட்டு
இந்த மே மாதம்தான் பார்த்தேன்.

ரகசியமா? ஏழு முறையும் அது வாய் வரை வரவில்லை.
வந்தது பணிமனையில்,
முழு விழிப்பில், விளக்கு வெளிச்சத்தில்,
சக ஓட்டுநர் வெல்லோவிடம்.
முழுவதும் கேட்டுவிட்டு
அவர் தேக்கரண்டியைக் கீழே வைத்தார்.
"என்ன கேக்?" என்றார்.