முதல் தரம்

கப்பலில் துணி வெளுக்கும் தளத்திலிருந்து
தம்பி ரெமிஜியஸ் பாட்டு அனுப்புகிறான்.
ஜெனோவா துறைமுகத்தில் கிளம்பிய கப்பல்.
இங்கே என் எதிரில் ஒரு ஜெனோவா
நண்டு உடைத்துக்கொண்டிருக்கிறாள்.
உன் பேரில் இத்தாலியில் ஒரு துறைமுகம் இருக்காம் என்றேன்.
"வாடகை ஏதும் வருமா?" என்றாள்.

மண்டபம். மதிய ஷிப்ட்.
ஐஸ் உருகிக் காலடியில் ஓடுகிறது.
துடுப்புக்காலின் வேரில் திரண்டிருக்கும் சதை
சிதையாமல் வந்தால் முதல் தரம்.
சிதைந்தால் இரண்டாவது.
என்ன விலைக்குப் போகிறது என்று
நூர்ஜகான் ஒருநாள் சூப்பர்வைசரிடம் கேட்டாள்.
அவர் டாலரில் சொன்னார்.
கேட்காதது மாதிரியே ஆகிவிட்டது.

தம்பி அனுப்பியது ஏழு நிமிடப் பாட்டு.
ஒரு ஆள், ஒரு கித்தார்,
மூட்டை மூட்டையாக வார்த்தை.
"இதுதான்க்கா அசல் சரக்கு.
இங்க சமையக்காரர் தொனாத்தோ சொல்றாரு,
அவங்க ஊர்ல இப்ப வர்றதெல்லாம்
கோடைக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணு,
கடற்கரையில கூல்டிரிங்ஸ் விக்கிறதுக்குப் போடுற பாட்டாம்.
இவரு ஒருத்தர்தான் விலைபோகாதவராம்."
விலைபோகாததை
நம் கரையில் என்ன செய்வார்கள் என்று
அவனுக்குத் தெரியாதா?
உப்புப் போட்டுக் காயவைப்பார்கள்.

முதல் தரம் கேட்டபோது தூங்கிவிட்டேன்.
இரண்டாம் தரம் பஸ்ஸில்.
தங்கச்சிமடத்தில் ஏறி, பாம்பன் பாலத்தின் நடுவில்,
இரண்டு பக்கமும் கடல் இருக்கும்போது
அந்த ஆள் ஒரு வரிக்கு முன்னால்
மூச்சை இழுத்தார்.
அது பிடித்தது. மூச்சு மட்டும்.

அடுத்து, கை தவறி அவன் அனுப்பியது
அரை நிமிடம்கூட வராது.
ஒரு பெண்குரல். துள்ளல்.
நாலு மணிக்குள் எங்கள் மேசை முழுக்க அதுதான்.
என்ன வார்த்தை என்று தெரியாததால்
நூர்ஜகான் தன் காதில் விழுந்ததைப் பாடினாள்:
கேப்பானோ, கேப்பானோ.
கேக்கமாட்டானோ என்று
அந்தப் பக்கத்து மேசை பதில் கொடுத்தது.
அன்றைக்கு ஓடு கழன்ற வேகத்தை
எடை மிஷினே நம்பவில்லை.

தம்பி சிரித்துச் சிரித்து
மூன்று வாய்ஸ் மெசேஜ் போட்டான்.
"எவ்வளவு ருசின்னு அர்த்தம்க்கா.
தக்காளி டப்பா விளம்பரம் அது!"

இருக்கட்டுமே.
எங்கள் நண்டும் டப்பாவில்தான் போகிறது.
அதனால் நண்டு பொய்யாகிவிடுமா?
இப்படித்தான் அவனுக்குப் பதில் அனுப்பினேன்.
அனுப்பிய பிறகு ஒன்று உறுத்தியது.
டப்பாவைத் திறப்பவருக்கு
ஜெனோவாவின் விரல் கீறல் தெரியாது.
பாடியது யார் என்று கேட்கச் சொன்னேன்.
தொனாத்தோவுக்குத் தெரியவில்லை.
அரைநாள் கூலி வாங்கிக்கொண்டு
வீட்டுக்குப் போயிருப்பாள் என்றாராம்.

ராத்திரி இயர்போனில்
அவள் எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று தேடினேன்.
பத்துப் பதினைந்து தரம் தேடினேன்.
இல்லை.
வெட்டி எடுத்திருக்கிறார்கள்.
நேரம் மிச்சம்.

சண்டை இன்னும் ஓயவில்லை.
காசுக்குப் போட்ட பாட்டு மட்டம் என்கிறான் அவன்.
காசுக்குத்தான் நீ கப்பலில் துணி வெளுக்கிறாய்,
வேட்டி வெள்ளையாக வரவில்லையா என்கிறேன் நான்.
அங்கே யாருக்கா வேட்டி கட்டுறா என்கிறான்.

இதற்கிடையில் சூப்பர்வைசருக்கு
எடை மிஷின் கணக்குப் புரிந்துவிட்டது.
திங்கட்கிழமை சுவரில் ஸ்பீக்கர்.
யாரிடம் வாங்கினாரோ, அதே அரை நிமிடம்
காலையிலிருந்து திரும்பத் திரும்ப.
கேப்பானோ கேப்பானோ.
செவ்வாய்க்கிழமையிலிருந்து
மேசையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

ஏழு நிமிடக்காரர் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
மூன்றாம் தரம் கேட்கலாம் என்றிருக்கிறேன்.
தம்பியிடம் சொல்லவில்லை.

நேற்று கரண்ட் போனது.
ஸ்பீக்கர் பாதிச் சொல்லில் நின்றது.
வெளியே கொண்டல் காற்று, கடல், ஐஸ் சொட்டும் சத்தம்.
அந்த அமைதியில் ஜெனோவா
நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.
எல்லோரும் கையில் பிடித்த நண்டோடு நிமிர்ந்தோம்.

தும்மினாள்.

ஒற்றைத் தும்மல் ஆகாது.
அப்படியே இருந்தோம்,
இரண்டாம் தரத்துக்காக.